இன்னும் ஒரு சாண்

ஓய்வு பெற்று இரண்டு வருஷம் ஆகியும் எங்கள் துறைக்காரர்களின் வாட்ஸாப் குழுவிலிருந்து என்னை யாரும் நீக்கவில்லை. நானும் வெளியேறவில்லை. காலை வணக்கம் சொல்லும் ரோஜாப்பூக்களுக்கு நடுவே போன வாரம் ஒரு படிவம் வந்து விழுந்தது. இப்போது வேலையில் இருக்கும் பிள்ளைகளில் பாதிப் பேர் வேறு வேலைக்குப் பரீட்சை எழுதிக்கொண்டிருக்கிறார்களாம். எதற்கும் பழைய ஆட்களைக் கேட்டுப் பார்ப்போம் என்று யாருக்கோ தோன்றியிருக்கிறது. கண்ணுக்குச் சரியாகத் தெரியாததால் ஜெராக்ஸ் கடையில் கொடுத்து அதைப் பிரிண்ட் எடுத்து வந்தேன்.

ஆறாவது கேள்வி: 'பணியில் தங்களுக்குக் கிடைத்த மன நிறைவை ஒன்று முதல் ஐந்து வரையிலான எண்ணில் குறிப்பிடவும்.' ஏழாவது: 'வேறு பணிக்குச் செல்ல எண்ணியதுண்டா? ஏன் செல்லவில்லை?' அதற்குக் கீழே இரண்டே இரண்டு கோடு போட்டு இடம் விட்டிருந்தார்கள். முப்பத்திரண்டு வருஷத்தை இரண்டு கோட்டில் எழுதச் சொல்கிறவர் ஒரு நாள்கூட மாட்டுக்குள் கை விட்டிருக்க மாட்டார் என்று நினைத்துக்கொண்டேன். அந்த இரண்டு கோட்டில் அடங்காததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

என் பெயர் சவரிமுத்து. பதவியின் பெயர் கால்நடை ஆய்வாளர். ரெட்டியார்சத்திரம் பக்கத்துக் கிராமங்களில் அப்படிச் சொன்னால் ஒருவருக்கும் புரியாது. ஊசிக்காரர் என்றால் புரியும். காய்ச்சலுக்குப் போடுகிற ஊசி என்று நினைத்துவிடாதீர்கள், இது சினை ஊசி. பசு காளையைத் தேடிப் போய் முடிக்க வேண்டிய காரியத்தை நான் ஒரு பையில் வைத்து வீடு வீடாகக் கொண்டுபோவேன். முதலில் சைக்கிளில் போனேன், பிறகு மொபெட்டில். அந்த வட்டாரத்தில் இன்று கறவையில் நிற்கும் மாடுகளின் பரம்பரையைத் தோண்டிக்கொண்டே போனால், எங்கோ ஓரிடத்தில் என் இடது கை வந்து நிற்கும்.

இந்த வேலைக்கு நான் ஆசைப்பட்டு வந்தவன் இல்லை. பிளஸ் டூ முடித்த கையோடு மூன்று விண்ணப்பம் போட்டேன், ஏழெட்டு வருஷம் கழித்து முதலில் கூப்பிட்டவர்கள் இவர்கள். பதினோரு மாதம் பயிற்சி. அதில் கற்றுக்கொண்டதை ஒரே வரியில் சொல்லிவிடலாம்: மாட்டுக்கு நேர் பின்னால் நிற்காதே, சற்றுப் பக்கவாட்டில் நில். அதைக் கற்றுக்கொள்வதற்குள் இரண்டு தடவை உதை வாங்கினேன்.

வேலை என்னவென்றால் இதுதான். திரவ நைட்ரஜன் கேனுக்குள் உறைந்து கிடக்கும் ஸ்ட்ராவை இடுக்கியால் எடுக்க வேண்டும். பேனா ரீஃபிளைவிட மெல்லியது அது, அதற்குள்தான் காளை இருக்கிறது. கைக்கு இதமான வெந்நீரில் அரை நிமிஷம் போட்டு, ஈரம் துடைத்து, நீளமான எஃகுக் கம்பிக்குள் செருகி, நுனியை வெட்டி, மேலே ஓர் உறை மாட்ட வேண்டும். அந்தக் கம்பிக்கு எங்கள் பாஷையில் 'கன்'. பிறகு இடது கையில் தோள் வரைக்கும் உறை போட்டுக்கொண்டு, சாணி வரும் வழியாக உள்ளே விட்டு, கர்ப்பப்பையின் வாயைச் சதைக்கு மேலாகவே பிடித்துக்கொள்ள வேண்டும். வலது கையால் கன்னைக் கீழ்வழியாகச் செலுத்தி, அந்த வாயைத் தாண்டியதும் மெதுவாக அழுத்த வேண்டும். அவ்வளவுதான். இதைச் செய்து முடிக்கும்வரை மாடு உங்களைப் பற்றி என்ன நினைக்கிறது என்று யோசிக்கக் கூடாது.

இந்த வேலையால் கல்யாணமும் கொஞ்சம் சிக்கலானது. தரகர் பெண் வீட்டாரிடம், பையன் கால்நடைத் துறையில் ஆபீசர், காலால் நடக்கிற வேலையே இல்லை என்று அளந்துவிட்டிருக்கிறார். ரோஸ்லின் வத்தலக்குண்டுக்காரி, பி.எஸ்சி. படித்தவள், பஸ் ஸ்டாண்டு எதிரே அவளுடைய அப்பாவுக்குப் பாத்திரக்கடை. கல்யாணமான ஒன்பதாம் நாள், கோவிலில் அவள் போட்ட மோதிரம் என் விரலில் இல்லாததைக் கவனித்துவிட்டாள். அது என் பையில் ஒரு சோப்பு டப்பாவுக்குள் இருந்தது. ஏன் கழற்றினீர்கள் என்று கேட்டாள். மாட்டுக்குள் போய்விடும் அல்லவா என்றேன். அவள் விளங்காமல் பார்த்தாள். விளக்கினேன். அன்று அவள் சாப்பிடவில்லை. மறுநாளிலிருந்து குளியலறையில் எனக்கென்று தனி வாளி, தனி சோப்பு, வெட்டிய எலுமிச்சம்பழம் ஆகியவை வைக்கப்பட்டன.

அவள் அழுது புலம்புகிற ஆள் கிடையாது. மூன்றாம் மாதம் அரசுத் தேர்வு விண்ணப்பம் ஒன்றை வாங்கிவந்து, பூர்த்தி செய்து, கையெழுத்து மட்டும் போடச் சொல்லி நீட்டினாள். நான் எலுமிச்சம்பழத்தோடு குளித்துக்கொண்டிருக்கையில் கதவுக்கு வெளியே நின்று பொது அறிவுக் கேள்வி கேட்பாள். ஆறுகளும் அணைகளும் எனக்கு மனப்பாடமானது சோப்பு நுரையோடுதான். இரண்டு தடவை கோட்டைவிட்டு மூன்றாவது தடவையில் தேறினேன். இளநிலை உதவியாளர் பணி, திண்டுக்கல் டவுனுக்குள்ளேயே ஓர் அலுவலகம். ஆர்டர் வந்த அன்று ரோஸ்லின் தனியாகப் பஸ் ஏறிப் போய் அந்த அலுவலகத்தையே பார்த்துவிட்டு வந்தாள். ஃபேன் இருக்கிறது, என்னுடைய நாற்காலி ஜன்னலோரம், குழாயில் தண்ணீர் வருகிறது என்று அறிக்கை கொடுத்தாள். எனக்கும் சந்தோஷம்தான். சட்டையில் சாணி இல்லாமல் வீட்டுக்குத் திரும்பும் ஒரு மாலையை நினைத்துப் பார்க்கவே நன்றாக இருந்தது.

இங்கே எங்கள் டாக்டரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். சுந்தரவள்ளி அம்மா, எங்கள் மருந்தகத்தின் கால்நடை மருத்துவர், சொந்த ஊர் ஒட்டன்சத்திரத்துக்கு அந்தப் பக்கம். குரலை உயர்த்தவே மாட்டார். மாட்டுக்கும் ‘ங்க’ போடுவார், எனக்கும் போடுவார், மாட்டுக்குப் போடுவதில் மரியாதை கொஞ்சம் கூடுதலாக இருக்கும். மேஜை மேல் எப்போதும் வறுத்த வேர்க்கடலை இருக்கும். நாம் நின்றுகொண்டு கேஸ் சொல்லச் சொல்ல அவர் ஒவ்வொன்றாகத் தோலை உரித்துக்கொண்டிருப்பார். சொல்லி முடிந்ததும் உரித்த கடலையை ஊதிவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்பார்.

"ஏனுங்க சவரிமுத்து, இன்னும் ஒரு சாண் போனீங்களா?"

அந்தச் சாணுக்கு அர்த்தம் இருக்கிறது. ஊசி போட கர்ப்பப்பையின் வாயைப் பிடித்தால் போதும், கை பாதி உள்ளே போனாலே வேலை முடிந்துவிடும். ஆனால் மாடு ஏற்கெனவே சினையாக இருக்கிறதா என்று பார்க்க, இன்னும் ஒரு சாண் உள்ளே போய், கர்ப்பப்பையைத் தடவிப் பார்த்தாக வேண்டும். நூற்றில் சில மாடுகள் சினையாக இருக்கும்போதே பருவத்துக்கு வந்ததுபோல் கத்தும். அதை நம்பி கன்னை உள்ளே விட்டால் கரு கலைந்துவிடும். அந்த ஒரு சாணுக்கு ஒரு நிமிஷம் ஆகும். தோள் வலிக்கும், மாடு முக்கும், முகத்துக்கு நேரே சாணி வரும். அதனால் அவசரத்தில் அதை விட்டுவிடுகிற ஆட்கள் உண்டு. டாக்டரம்மாவுக்கு அது தெரியும், எனவே ஒவ்வொரு மாட்டுக்கும் கேட்பார். ஆறு வருஷம் ஒவ்வொரு மாட்டுக்கும் போனேன் என்று உண்மையைச் சொன்னேன்.

புது வேலையில் திங்கட்கிழமை சேர வேண்டும். அதற்கு முந்தைய செவ்வாய்க்கிழமை, உடல் தகுதிச் சான்றிதழ் வாங்க டவுனுக்குப் போகப் பதினோரு மணி பஸ்ஸைப் பிடிக்க வேண்டியிருந்தது. விடுவிப்புக் கடிதம் டாக்டரம்மாவின் மேஜையில் கையெழுத்துக்குக் காத்திருந்தது. பத்தேகாலுக்கு முருகாயி வீட்டிலிருந்து ஆள் வந்தது, மாடு விடிந்ததிலிருந்து கத்துகிறதாம்.

முருகாயிக்கு முக்கால் ஏக்கரில் கத்தரி, ஒரே ஒரு மாடு, திருப்பூரில் வேலை பார்க்கும் புருஷன். மாட்டின் பெயர் தாசில்தார். நாள் முழுக்க அசை போட்டுக்கொண்டே இருக்கும், கூப்பிட்டால் திரும்பாது, யாராவது கையில் எதையாவது கொண்டுபோனால் மட்டும் எழுந்து நிற்கும் என்பதால் முருகாயி வைத்த பெயர். நாலு மாதத்துக்கு முன்பு நான்தான் அதற்கு ஊசி போட்டிருந்தேன். சினை பார்க்க வருகிறேன் என்று சொல்லிவிட்டு, பரீட்சை, ஆர்டர் என்று அலைந்ததில் போகவேயில்லை.

ஊசி நிற்கவில்லை போலிருக்கிறது என்று முருகாயி சொன்னாள். இருக்கும் என்றேன். கடிகாரத்தைப் பார்த்தேன். பருவத்துக்கு வந்த மாட்டுக்குக் கண்ணாடி போல ஒழுக்கு இருக்கும், இதற்கு இல்லை. அதைப் பார்த்தேன். கர்ப்பப்பையின் வாய் கைக்குள் அடங்காமல் முன்னால் இழுத்துக்கொண்டு நின்றது. அதையும் உணர்ந்தேன். கன் சுலபமாகப் போகவில்லை, ஏதோ பிசுபிசுவென்று தடுத்தது. கொஞ்சம் அழுத்தினேன், போய்விட்டது. கையைக் கழுவிக்கொண்டு பத்தே முக்காலுக்கு மொபெட்டை உதைத்தேன். பஸ்ஸைப் பிடித்தேன். உட்கார இடம்கூடக் கிடைத்தது. சான்றிதழில் நான் முழு உடல் தகுதி உடையவன் என்று எழுதிக் கொடுத்தார்கள்.

வெள்ளிக்கிழமை காலை மருந்தகத்துக்குச் செய்தி வந்தது, தாசில்தார் கரு கலைந்து கன்றைப் போட்டுவிட்டது. டாக்டரம்மா ஜீப்பை எடுத்தார். நானும் ஏறிக்கொண்டேன். வழியில் அவர் கடலை உரிக்கவில்லை.

கொட்டகையில் ஒரு சாக்கின் மேல் அது கிடந்தது. பூனை அளவு இருக்கும். ரோமம் முளைத்திருக்கவில்லை, குளம்புகள் நான்கும் மெழுகு போல வெளுத்து உருவாகியிருந்தன. டாக்டரம்மா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, உறை மாட்டி, உள்ளே தங்கிவிட்ட நஞ்சுக்கொடியைச் சிறிது சிறிதாக விடுவித்து எடுத்தார். முழுதாக முக்கால் மணி நேரம். எடுத்ததைத் தரையில் விரித்து, எங்காவது கிழிந்து உள்ளே மிச்சம் நின்றுவிட்டதா என்று ஓரம் ஓரமாகப் பார்த்தார். மாட்டின் முதுகைத் தட்டி, "அம்புட்டுத்தானுங்க, முடிஞ்சுதுங்க" என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"ஏனுங்க சவரிமுத்து. போனீங்களா?"

நான் சாக்கின் பக்கம் பார்த்தேன். அவருக்கு அதுவே போதுமானதாக இருந்தது.

இதற்கிடையில் முருகாயி வேலிப் பக்கம் நின்று அடுத்த வீட்டைப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தாள். அது அவளுடைய ஓரகத்தி வீடு. முந்தாநாள் அந்தப் பெண் வந்து, மாடு நல்லா பெருத்துருக்கே என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள். அவள் கண்ணுதான் பட்டது என்பது முருகாயியின் தீர்ப்பு. அந்தப் பக்கமிருந்து ஓரகத்தி, நான் பிள்ளைக மேல சத்தியமா வாய் நெறய நல்லதுதான் சொன்னேன் என்று அழுதுகொண்டிருந்தாள். நாலு பேர் கூடிவிட்டார்கள். ஒருத்தர் மிளகாய் சுற்றிப் போடச் சொன்னார்.

டாக்டரம்மா கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு, நான் வண்டியில இருக்கேனுங்க என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். அவர் என்னைத் திட்டியிருக்கலாம், அல்லது அவரே உண்மையைச் சொல்லியிருக்கலாம். இரண்டையும் செய்யாமல் என்னை அங்கே விட்டுவிட்டுப் போனதற்காக அந்த நிமிஷம் அவரை வெறுத்தேன்.

ஒன்றும் சொல்லாமலும் போயிருக்கலாம். இன்னும் மூன்று நாளில் எனக்கும் மாட்டுக்கும் சம்பந்தமே இருக்காது. ஓரகத்திகள் இருவரும் அடுத்த பொங்கலுக்குள் சமாதானமாகிவிடுவார்கள் என்றுகூட மனசுக்குள் ஒரு கணக்குப் போட்டேன். ஆனால் அந்தப் பெண் அழுகிற அழுகை காதில் விழுந்துகொண்டே இருந்தது. எனக்கு அசிங்கமாக இருந்தது. முருகாயியை இந்தப் பக்கம் கூப்பிட்டேன். மாடு முன்பே சினையாக இருந்தது, நான் பஸ்ஸுக்கு அவசரப்பட்டுப் பார்க்காமல் ஊசி போட்டுவிட்டேன், தப்பு என்னுடையது என்று சொன்னேன். இன்னொரு தடவை சொல்ல வேண்டியிருந்தது.

அவள் என்னைத் திட்டவில்லை.

"டவுனுக்குப் போறீகளாமே சார்?"

"ஆமா."

"எப்ப?"

"திங்கக்கெழம."

"எம் மாட்டு வவுத்துல கெடந்தத எடுத்துப்புட்டு நீங்க திங்கக்கெழம போய் சேர்ல உக்காந்துக்கிருவீக." கோபமாகக்கூடச் சொல்லவில்லை, கத்தரிக்காய்க்கு விலை சொல்கிற மாதிரிதான் சொன்னாள். "மறுக்கா ஊசி போடுங்க. சின நிக்கட்டும். கன்னுக்குட்டிய நாங் கண்ணால பாக்குறேன். பெறகு எங்கிட்டு வேணா போங்க."

பிறகு வேலிக்கு அந்தப் பக்கம் போய் ஓரகத்தியிடம் ஏதோ சொன்னாள். மன்னிப்புக் கேட்டிருப்பாள் என்று தோன்றவில்லை, அழுகை மட்டும் நின்றது.

மருந்தகத்துக்குத் திரும்பியதும் டாக்டரம்மா பதிவேட்டை என் பக்கம் நகர்த்தி, நீங்களே எழுதுங்க என்றார். 'கருச்சிதைவு, காரணம் தெரியவில்லை' என்று எழுதினேன். ஒரு கடலையை உரித்துக்கொண்டே படித்துவிட்டு, இது உங்களுக்கே நல்லாயிருக்குங்களா என்று கேட்டார். அடித்துவிட்டு, 'கருவூட்டலின்போது ஏற்பட்டிருக்கலாம்' என்று எழுதினேன். 'கலாம்'-னு யாருங்க போட்டது என்றார். மூன்றாவது தடவை, 'சினைப் பரிசோதனை செய்யாமல் கருவூட்டல் செய்ததால் கருச்சிதைவு' என்று எழுதி என் பெயரைப் போட்டேன். அதற்குக் கீழே அவரும் கையெழுத்துப் போட்டார். அடுத்தாற்போல் இருந்த என் விடுவிப்புக் கடிதத்தை எடுத்து, இதிலயும் போட்டுருட்டுங்களா என்று கேட்டார். செத்த நேரம் இருக்கட்டும் என்றேன். அது கடலைத் தட்டுக்கு அடியில் போய்விட்டது.

வீட்டில் ரோஸ்லினிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் ஜன்னலோர நாற்காலிக்கென்று ஏற்கெனவே ஒரு சின்ன மெத்தை தைத்து வைத்திருந்தாள். அதை மடியில் வைத்துக்கொண்டு கேட்டாள். தப்பு நடந்துவிட்டது, ஒப்புக்கொண்டும் ஆகிவிட்டது, அதற்கு மேல் ஒரு மாட்டுக்காக யாராவது உத்தியோகத்தை விடுவார்களா, அடுத்து வருகிற ஊசிக்காரர் போட்டால் சினை நிற்காதா என்று கேட்டாள். நியாயமான கேள்விதான். பணியில் சேர அவகாசம் கேட்டு ஒரு விண்ணப்பம் போட்டேன், இரண்டு மாதம் கொடுத்தார்கள். அதற்குள் தாசில்தார் சினையாகிவிடும், போய்விடலாம் என்று அவளிடம் சத்தியம் செய்தேன்.

மாடுகளுக்கு நம் அவகாசம் எல்லாம் தெரியாது. கலைந்த கர்ப்பப்பையில் சீழ் பிடித்துவிட்டது. நாள் தவறாமல் போய்க் கழுவி மருந்து விட்டேன். முருகாயி நான் வரும் நேரத்தில் வாளியில் வெந்நீர் வைத்திருப்பாள். முதல் மாதம் மாடு கத்தவேயில்லை. இரண்டாவது மாதமும் முடியப் போனது. அவகாசத்தின் கடைசி நாள் ஒரு புதன்கிழமை. ரோஸ்லின் இஸ்திரி போட்டுக் கொடுத்த வெள்ளைச் சட்டையும் புதுப் பேண்டும் போட்டுக்கொண்டு, மத்தியானம் டவுனுக்கு பஸ் பிடிக்கக் கிளம்பினேன். மாட்டை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போவோம் என்று மொபெட்டைத் திருப்பினேன். புத்தியுள்ளவன் திருப்பியிருக்க மாட்டான்.

தாசில்தார் கத்திக்கொண்டிருந்தது. வால் ஓரத்தில் கண்ணாடி மாதிரி ஒழுக்கு. இது நிஜம்.

சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினேன். கையுறை போட்டேன். கன்னைத் தொடவில்லை. முதலில் கையை மட்டும் உள்ளே விட்டேன், வாயைத் தாண்டி இன்னும் ஒரு சாண் போனேன். இரண்டு பக்கமும் தடவிப் பார்த்தேன். கர்ப்பப்பை விறைப்பாக, சுத்தமாக, காலியாக இருந்தது. ஒரு காலி இடத்தைத் தொட்டு அவ்வளவு சந்தோஷப்பட்டவன் நானாகத்தான் இருப்பேன். அதற்குப் பிறகே ஸ்ட்ராவை வெந்நீரில் போட்டேன். முருகாயி வாலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் எவ்வளவு தூரம் கை விடுகிறேன் என்பதை அளப்பதுபோலப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

முடித்தபோது நாலு மணி. நாலேகால் பஸ் இருந்தது, ஐந்துக்குள் போய்க் கையெழுத்துப் போட்டிருக்கலாம். போகலாமா என்று நான் யோசித்துக்கொண்டே கையை வெளியே எடுத்த நேரம் தாசில்தார் தனக்குத் தோன்றியதைச் செய்தது. புதுப் பேண்ட் இடுப்பிலிருந்து முட்டி வரை பச்சையாகிவிட்டது. வெகுகாலம் வரை நான் இதைத்தான் காரணமாகச் சொல்லிவந்தேன். கேட்டவர்கள் எல்லாம் சிரித்தார்கள், ரோஸ்லினைத் தவிர. உண்மையில் முருகாயி தன் புருஷனின் வேட்டியை எடுத்துவந்து நீட்டினாள். அதைக் கட்டிக்கொண்டு பஸ் ஏறியிருக்கலாம். எனக்குப் போகப் பயமாக இருந்தது. போய்விட்டால் ஆயுசுக்கும் நான் மாட்டைக் கெடுத்துவிட்டு ஓடியவன்தான் என்று தோன்றியது. கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து, அவள் கொடுத்த காபியைக் குடித்து முடித்தபோது பஸ் போய்விட்டிருந்தது.

அந்த ஊசி நிற்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். அடுத்ததும் நிற்கவில்லை. மூன்றாவதுதான் நின்றது. ஒன்பது மாதமும் சில நாளும் கழித்து, டாக்டரம்மாவும் நானும் முருகாயியும் அவளுடைய ஓரகத்தியும் சுற்றி நிற்க, தாசில்தார் நல்லபடியாகக் கன்று போட்டது. நனைந்துபோன அந்தக் கன்றின் மூக்கைத் துடைத்துவிட்டபோது எனக்கு அழுகை வந்துவிட்டது, மறைக்கவில்லை. முருகாயி குனிந்து பின்னங்காலைத் தூக்கிப் பார்த்தாள். காளங்கன்று. பால் மாடு வைத்திருப்பவர்களுக்கு அதனால் ஒரு பிரயோஜனமும் இல்லை. அய்யலூர் சந்தைக்குக் கொண்டுபோனால்கூட ஆட்டுக்குட்டிக்கு இருக்கும் மவுசு அதற்கு இருக்காது.

"இம்புட்டுப் பாடுபட்டு இதானா?" என்றாள் முருகாயி. "சரி சார். அடுத்த தடவ பொட்டக்கன்னாப் பாத்துப் போடுங்க."

அதாவது அடுத்த தடவையும் உண்டு. கடலைத் தட்டுக்கு அடியில் இருந்த விடுவிப்புக் கடிதத்தில் டாக்டரம்மா எப்போதோ தோலைக் கொட்டிப் பொட்டலம் கட்டியிருந்தார்.

ரோஸ்லின் ஆறு மாதம் என்னுடன் தேவைக்கு மட்டும் பேசினாள். சோறு கேட்டால் சோறு, வெஞ்சனம் கேட்டால் வெஞ்சனம், அதற்கு மேல் ஒரு வார்த்தை கிடையாது. பிறகு ஒரு நாள் அதே தேர்வுக்கு இன்னொரு விண்ணப்பம் வாங்கிவந்தாள். என்னிடம் கையெழுத்துக் கேட்கவில்லை. அவளே எழுதினாள், முதல் தடவையிலேயே தேறினாள். டவுனில் அவளுக்குக் கிடைத்ததும் ஜன்னலோரம்தான். நாற்காலி மெத்தை வீணாகவில்லை. போன வருஷம் கண்காணிப்பாளராக ஓய்வு பெற்றாள். கால் நூற்றாண்டுக்கு மேல் ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்து, தினமும் தலைவலியோடு வீட்டுக்கு வந்து, தைலம் தேய்த்துக்கொண்டே அலுவலகத்தில் யார் யார் எந்தக் கோப்பை ஒளித்து வைத்தார்கள் என்று சொல்லுவாள். நான் எலுமிச்சம்பழ வாசனையோடு உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பேன்.

மன நிறைவா? பாதி நாள் சலிப்புதான். மழையில் மொபெட் நின்றுபோன நாட்களில் அந்த நாற்காலியை நினைத்து ஏங்கியிருக்கிறேன். கல்யாண வீட்டில் பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்தவர், சார் எந்தக் கையில் என்று விசாரித்துவிட்டு இலையோடு தள்ளி உட்கார்ந்திருக்கிறார். ஆனால் அந்தச் செவ்வாய்க்கிழமைக்குப் பிறகு ஒரு மாட்டுக்கும் ஒரு சாண் குறைத்ததில்லை. தோள்பட்டை தேய்ந்து இப்போது இடது கையைத் தலைக்கு மேல் தூக்க முடியாது. சட்டை போட்டுக்கொள்ள ரோஸ்லின் உதவி செய்கிறாள்.

பணி நிறைவு விழாவில் ஒருவர் பேசினார். டவுனில் கௌரவமான உத்தியோகம் தேடி வந்தும், வாயில்லா ஜீவன்கள் மேல் கொண்ட பாசத்தால் அதை உதறித் தள்ளிய உத்தமர் என்று என்னைக் காட்டினார். கழுத்தில் மாலை குத்திக்கொண்டிருந்தது. நான் உத்தமனைப் போல உட்கார்ந்திருந்தேன். அப்போது பால்காரப் பெண்கள் உட்கார்ந்திருந்த பின்வரிசையிலிருந்து முருகாயி எழுந்தாள்.

"பாசமெல்லாம் ஒண்ணும் இல்லீங்க. எம் மாட்டக் கலச்சுப்புட்டாரு. நாந்தேன் போகவிடல."

பந்தலே சிரித்தது. பேசியவர் பொன்னாடையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். எனக்கு மாலையைக் கழற்றிவிட்டாற்போல இருந்தது.

சாப்பாட்டுப் பந்தியில் அவளைப் பிடித்தேன். இத்தனை வருஷமாக எனக்குள் இருந்த கேள்வியைக் கேட்டேன். அன்றைக்கு நான் போயிருந்தால் வேறொரு ஊசிக்காரர் வந்திருப்பாரே, அப்படியிருக்க என்னை ஏன் நிறுத்தினாய் என்று கேட்டேன்.

"வந்திருப்பாரு. அவரு உள்ள வரைக்கும் கை விட்டுப் பாப்பாராங்கறது எனக்கென்ன தெரியும்? நீங்க இனிமே பாக்காம விட மாட்டீகன்னு எனக்குத் தெரியும்ல?" என்று சொல்லிவிட்டு ரசத்துக்குச் சோற்றில் குழி பண்ணினாள்.

நேற்று சாயங்காலம் படிவத்தை எடுத்து உட்கார்ந்தேன். ஆறாவது கேள்விக்கு நாலு என்று போட்டேன். ஏழாவதுக்குக் கீழே முதல் கோட்டில், 'எண்ணியதுண்டு, ஒரு சாண் குறைந்ததால் செல்லவில்லை' என்று எழுதினேன். இரண்டாவது கோட்டில் எழுத ஒன்றும் இல்லை.

ரோஸ்லின் தோளுக்கு மேலாக எட்டிப் படித்தாள். எங்க ஆபீசுல எவனும் எனக்கு இந்த மாதிரி ஃபாரம் அனுப்பலையே என்றாள். அனுப்பினால் என்ன போடுவாய் என்று கேட்டேன்.

"ஃபேனுக்கு அஞ்சு. வேலைக்கு ரெண்டு."

பிறகு என் கையிலிருந்து பேனாவை வாங்கி, காலியாகக் கிடந்த இரண்டாவது கோட்டில், தன் அலுவலகக் கையெழுத்தில் எழுதினாள்: 'இவர் செல்லாததால் நான் சென்றேன். ரோஸ்லின், கண்காணிப்பாளர் (ஓய்வு).'